ஞாயிற்றுக்கிழமை வரை

“செவந்திருக்கா? வெளிச்சத்தப் பாத்தா கூசுதா? நேத்த விட இன்னைக்கு மங்கலா தெரியுதா? வலி?”

நான்கு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, டாக்டரம்மா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார். எதிரே, கண் பார்க்கும் கருவியில் மோவாயைப் பதித்தபடி ஒரு பெரியவர் அசையாமல் காத்திருக்கிறார். போனில் பேசும் பெண் ஏதோ சாக்குச் சொல்வது மூலையில் இருக்கும் எனக்கே கேட்கிறது.

“நாளைக்கு வேண்டாம்மா. இப்பவே கெளம்புங்க. அடுப்புல என்ன இருந்தாலும் அணைச்சிட்டு வாங்க. நான் ஆபரேஷன்ல இருந்தாலும் வேற டாக்டர் பாப்பாங்க, சொல்லி வைக்கிறேன்.”

போனை வைத்துவிட்டுப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் மோவாயை எடுக்காமலேயே சொல்கிறார்: “பரவால்லம்மா. போன மாசம் நான் போன் பண்ணப்ப வேற யாராவது இப்படி மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.”

கருவிழி மாற்று அறுவை செய்யும் இந்த மருத்துவரின் சொந்த எண், அவர் எழுதும் ஒவ்வொரு மருந்துச் சீட்டின் தலையிலும் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் வேறு எந்த டாக்டரும் இப்படிச் செய்வதில்லை. “மேடம் குளிக்கப் போனாலும் போனும் கூடவே போகும்” என்கிறார் நர்ஸ். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அங்கே பத்து நாள் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு இருபது அழைப்புக்குக் குறைவில்லை. பாதிக்கு மேல் வெறும் சந்தேகங்கள். தலைக்குக் குளிக்கலாமா, டிவி பார்க்கலாமா என்பவை. ஒருவர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். அவரிடமும் நான்கு கேள்விகளைக் கேட்ட பிறகுதான் டாக்டரம்மா வாழ்த்தை வாங்கிக்கொண்டார்.

வயது ஐம்பத்தாறு. குள்ளமான உருவம், மூக்குக் கண்ணாடி. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். அறுவை இருக்கும் நாளில் கனமான எதையும் தூக்க மாட்டார். கைப்பை கூட முழங்கை மடிப்பில்தான் தொங்கும். “ஒரு வாளித் தண்ணி தூக்கினாப் போதும், விரல் அன்னைக்குப் பூரா முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்.” யாராவது கண்ணைக் கசக்குவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. லிப்டில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து “கசக்காதீங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில், அந்த மனிதர் கையைக் கீழே போட்டு, இறங்கும் வரை சிமிட்டக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் ‘தையல்காரம்மா’. இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்த கருவிழியை வட்டமாக வெட்டி, நோயாளியின் கண்ணில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் பதினாறு தையல் போட வேண்டும். பெயர் அவருக்கும் தெரியும். “ஆனா வீட்ல ஒரு பட்டன் தைக்கச் சொல்லிப் பாருங்க. என் வீட்டுக்காரரே எங்கிட்டேருந்து சட்டையைப் பிடுங்கிக்குவாரு.”

மருத்துவம் படித்து முடித்ததும் அவர் கண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பயம். பொது வார்டில் பயிற்சியில் இருந்தபோது ஒரே வாரத்தில் மூன்று பேர் கண்ணெதிரே இறந்துபோனார்கள். “கண்ணு டாக்டர்கிட்ட யாரும் சாக மாட்டாங்கல்ல, அதான் வந்தேன்” என்று சிரிக்கிறார். கண்ணிலேயே கருவிழிக்கு வந்து சேர்ந்த பிறகுதான், தானக் கருவிழியோடு தன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு சின்னப் புட்டிக்குப் பின்னாலும் ஒரு வீட்டில் சாவு நடந்திருக்கிறது என்று உறைத்ததாம்.

சிறப்புப் பயிற்சிக்கு வேறு ஊரில் இரண்டு வருடம். தையல் பழக ஆட்டுக் கண்தான் கதி. தினமும் காலையில் கறிக்கடையில் போய் நிற்பார். மூன்றாம் வாரம் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “ஏம்மா, தெனம் கண்ணு கண்ணுன்னு வாங்கிட்டுப் போறியே, அத எப்படித்தான் சமைக்கிற?” தைக்கிறேன் என்றாராம் இவர். மறுநாளிலிருந்து கடைக்காரர் கீறல் இல்லாத கண்களாகப் பொறுக்கித் தனியே வைத்திருப்பாராம்.

நான் பார்த்த அறுவையில் நோயாளி ஒரு வெல்டர். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, நுண்ணோக்கியின் மிதிகட்டையைக் கால் பெருவிரலால் தடவிக் கண்டுபிடித்தார். பிறகு ஒரு மணி நேரம் அவருடைய தோள் அசையவில்லை. இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த புட்டியிலிருந்து கருவிழியை எடுக்கும்போது மட்டும் உதடு அசைந்தது. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “‘வாங்க’ன்னு சொன்னேன். ஒருத்தர் வீட்லேருந்து வர்றாங்க இல்லியா?”

மருந்துச் சீட்டில் சொந்த எண் ஏன் என்று கேட்க எனக்கு ஏழு நாள் ஆனது. மதியம், கடைசி நோயாளி போன பிறகு கேட்டேன். அவர் மேஜையில் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக மூடினார்.

“எங்க அக்காவுக்காக” என்றார். “இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. எனக்காகத்தான்.”

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அம்மா படுக்கையில் விழுந்தபோது படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். தங்கை டாக்டரானதும், தனக்கென்று அவர் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை வண்டி ஓட்டுவது. பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போவாராம். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அவருடைய இடது கருவிழி மெலிந்து, கூம்பு போல முன்னால் தள்ளிவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. சொந்த அக்காவுக்கு நீயே செய்யாதே என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை.

“சத்தியமா சொல்றேன், என் வாழ்க்கையிலேயே அவ்ளோ சுத்தமா நான் தச்சதில்ல. எட்டாவது மாசம் அக்கா மறுபடி வண்டி எடுத்துட்டா. கடைசி வரிசையில எவன் எவளை அடிக்கிறான்னு கண்ணாடியில தெரியுதுடின்னு சொன்னா.”

பதினோராம் மாதம், ஒரு புதன்கிழமை. டாக்டரம்மா மருத்துவர் மாநாட்டுக்காக வேறு ஊரில் இருந்தார். இடைவேளையில் அக்கா கூப்பிட்டார்.

“லேசா கூசுதுடி. வண்டியில வர்றப்ப தூசி விழுந்திருக்கும்னு நெனைக்கிறேன்.”

“செவப்பா இருக்கா?”

“கொஞ்சம். கசக்கலடி, சத்தியமா.”

“சரி, சொட்டு மருந்த நாலு தடவயா ஆக்கிக்கோ. ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன்.”

பேச்சு அவ்வளவுதான். வேறு யாராவது அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விரட்டியிருப்பார். மாற்றுக் கருவிழியை உடம்பு அந்நியமென்று எதிர்க்கத் தொடங்குவதன் முதல் அடையாளம் அதுதான். அன்றே மணிக்கொரு தரம் மருந்து போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.

“அப்புறம் ஏன் அனுப்பல?” என்று நான் கேட்டிருக்க வேண்டாம்.

“மறந்துட்டேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மறக்கல. நான் போட்ட தையல வேற ஒருத்தர் குனிஞ்சு பாத்து, ‘என்ன மேடம், உங்க கேஸ் இப்படி ஆயிருக்கே’ன்னு சொல்றது எனக்குப் பிடிக்கல. நானே வந்து சரி பண்ணிடலாம்னு இருந்துச்சு. திமிரு. நாலே நாளு திமிரு.”

ஞாயிற்றுக்கிழமை அக்கா கதவைத் திறந்தபோது, வாசலில் நின்றபடியே இவருக்குத் தெரிந்துவிட்டது. கருவிழி முழுக்கப் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. மணிக்கொரு தரம் மருந்து போட்டார்கள், ஊசி போட்டார்கள், தெளியவில்லை. அடுத்த வருடம் வேறொரு மருத்துவர் இரண்டாவது கருவிழி வைத்தார். அதுவும் நிற்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பும் கெட்டுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். அக்கா வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது அதே வேன்காரர்களின் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று பெற்றோர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“ஒரு வார்த்த திட்டினதில்ல. ‘நான்தானடி தூசின்னு சொன்னேன்’னு பழியத் தன் மேல போட்டுக்கிட்டா. திட்டியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன்.” மூடிய பேனாக்களை ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அந்தக் கருவிழியக் கொடுத்தவங்க வீட்ட நெனச்சாதான் இன்னும் தாங்க முடியல. தங்களோட ஆள் இன்னும் எங்கேயோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சிட்டிருப்பாங்க.”

மறுநாள் பிற்பகல் அந்த அக்காவே வந்தார். அதே மெலிவு வலது கண்ணிலும் வருகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாராம். தங்கையைவிட ஒரு சாண் உயரம், கனத்த குரல். உள்ளே வந்ததும் என் பக்கம் முழுசாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“யாரு, நம்மளப் பத்தி எழுதுறவரா? எழுதுங்க எழுதுங்க. ஒரு கண்ண எங்க டாக்டரம்மா வாங்கி வச்சிக்கிட்டா. மிச்சம் ஒண்ண நான் கொடுக்காம பத்திரமா வச்சிருக்கேன்னு எழுதுங்க.”

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். நர்ஸும் சிரித்தார். டாக்டரம்மா கருவியின் திருகைத் தேவையில்லாமல் திருகிக்கொண்டிருந்தார்.

வலது கண்ணைப் பார்த்து முடிக்க வழக்கமான நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆனது. பார்த்தார், விளக்கை மாற்றிப் பார்த்தார், பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். அந்த இளம் டாக்டர் குனிந்து பார்க்கும்போது இவர் சுவரோரமாகத் தள்ளி நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு மேடம். போன தடவ மாதிரியேதான்.”

“ஓரத்துல?”

“ஓரமும் நல்லா இருக்கு.”

“இன்னொரு தடவ பாத்துடுங்க” என்றார். அவர் இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுப் போனார்.

“போதுமாடி? நான் கெளம்பறேன். நாலு மணி வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டு இப்ப ஊரே போன் பண்ணும்” என்று அக்கா எழுந்தார். டாக்டரம்மா சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். நிமிரவில்லை. எழுத்து இரண்டு இடத்தில் கோணலாகப் போனது.

அக்கா வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, தங்கையின் மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினார். வாயருகே வைத்து ஊதி, முந்தானையால் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று மெதுவாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க டாக்டரம்மா ஈரமான கண்களோடு முகத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.