எஞ்சின் சூடு

லாரிக்காரர் வீடுகளில் குடல் நோய் என்று ஒன்று கிடையாது. எல்லாம் எஞ்சின் சூடுதான். என் அப்பா நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஓட்டியவர். மலத்தில் ரத்தம் போனால், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிற சூடு குடலில் இறங்கிவிட்டது என்பார். வீட்டுக்கு வந்த அன்று அம்மா அவர் தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்து, சொம்பு நிறைய மோர் கொடுப்பார். குடலில் கட்டி என்று கண்டுபிடித்தபோது எல்லாம் கை மீறியிருந்தது. ஐம்பதைத் தாண்டாமலே போய்விட்டார்.

நான் லாரி ஓட்டவில்லை. பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சென்ற ஆண்டு எனக்கும் ரத்தம் போக, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு குடல் டாக்டரிடம் போனேன். கேமரா விட்டுப் பார்த்து, பெருங்குடலில் அழற்சி என்றார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்குதுங்களா?"

"யாருக்கும் இல்லைங்க சார்."

வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்குப் பட்டாணிச் செடியை வைத்து மரபியல் நடத்துகிற வாய், யோசிக்காமல் அப்படிச் சொல்லிற்று.

டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். அழற்சி மலக்குடலில் தொடங்குமாம். சிலருக்கு அங்கேயே நின்றுவிடும், சிலருக்கு மேலே ஏறிப் பெருங்குடல் முழுக்கப் பரவும். எதுவரை போகும் என்பதில் பெற்றவர்கள் கொடுத்த மரபணுவுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல என்றார். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் புற்றாகவும் மாறலாம். எனக்குப் பாதி வழியில் நின்றிருந்தது.

திரும்பும் பேருந்தில்தான் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிடமே பயம் வந்தது. என் தம்பியும் லாரிதான் ஓட்டுகிறான். இறங்கியதும் போன் போட்டேன்.

"தம்பி, உனக்கு ரத்தம் கித்தம் போகுதா?"

"அது சூடுதானுங்க்கா. ரெண்டு வருசமா வந்து வந்து போகுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உன்ற வண்டி ஏசி கேபின்தானடா?"

"ஆமாங்க்கா. வாங்கி நாலு வருசமாச்சு."

அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்குப் பெருங்குடல் முழுவதும் பரவியிருந்தது. கட்டி எதுவும் இல்லை, நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபோது, மகன் வருகிறான் என்று அம்மா எண்ணெயைச் சூடாக்கி வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எண்ணெ வெச்சு வெச்சே உங்கப்பன உட்டுட்டனா சாமி?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? பாடம் நடத்துற நானே யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன்."

அம்மா கிண்ணத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, மாத்திரை அட்டையைத் தம்பி கையிலிருந்து வாங்கினார்.

"இதச் சோத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"