காற்றுக்கு வழி கேட்ட ரஞ்சிதம் அக்கா

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. "இரண்டாம் மாடி ரஞ்சிதம் மேடம் இன்று காலை மாரடைப்பால் காலமானார்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகள் ஓய்வதற்குள் செயலாளரின் அடுத்த அறிவிப்பு: "பாதுகாப்பு கருதி இனி அனைவரும் வாசற்கதவை மூடியே வைக்கவும்." அக்கா இருந்தவரை எத்தனை முறை எழுதியும் நடக்காத காரியம் அது.

ரஞ்சிதம் அக்கா மந்தைவெளியில் எங்கள் எதிர் வீட்டில் தனியாக வாழ்ந்தவர். ரயில்வே முன்பதிவுக் கவுன்டரில் வேலை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அந்த மெட்ராஸ் பேச்சை யாருக்காகவும் மாற்றிக்கொண்டதில்லை.

நாங்கள் குடிவந்தபோது என் மகள் யாழினி கைக்குழந்தை. கொசு, தூசி, திருடன், வேர்க்குரு, எல்லாமே எனக்குப் பயம். ஜன்னல்களை அடைத்துவிட்டு ராப்பகலாக ஏசி போட்டிருந்தேன். ஒரு மத்தியானம் கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. ஏசி ஓடவில்லை, மின்விசிறி முனகியது. எங்கோ படித்த நினைவில் ஈரப் புடவையை ஜன்னலில் தொங்கவிட்டேன். குழந்தை இன்னும் வீறிட்டது. காலை ஷிப்ட் முடிந்து வந்த அக்கா கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா, வீட்டுக்குள்ள இட்லி அவிக்கிறியா? மெட்ராஸ்ல காத்தே ஈரமாத்தான் கீது, நீ வேற தண்ணி காட்றியா? அவுத்துப் போடு. கதவைத் தொற."

"கொசு வரும்க்கா."

"வலைக்கதவு போட்டுக்கோ. உனக்காக ஒண்ணும் சொல்லல. என் பால்கனிக்கு வர்ற கடல் காத்து வெளிய போவணும்ல? உன் சமையக்கட்டு ஜன்னல்தான் வழி. அதை அடைச்சிகினு உக்காந்துகினுகீற."

திறந்தேன். சற்று நேரத்தில் என் சமையலறைக் கதவு டமாரென்று அடித்துக்கொண்டது. அக்கா எதிர் வீட்டிலிருந்து, வெளியூர் மச்சான் வந்ததைப்போலக் கூவினார்: "வந்துட்டான்!"

அன்று முதல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே காற்று. காலையில் வெயில் ஏறுமுன் ஜன்னல்களை மூடி வெள்ளைத் திரை; கடல் காற்று எழுந்ததும் இரண்டு வாசலும் திறக்கும், கதவு அடிக்கும், அக்கா கூவுவார். காற்றே இல்லாத இரவுகளில் மட்டும் ஏசி, அதுவும் இருபத்தேழில், கூடவே மின்விசிறி. "போர்வை போத்திகினு ஏசி போடறவங்க என் கவுன்டருக்கு வாங்க, ஊட்டிக்கு டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்பார்.

திறந்த கதவு செயலாளருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "மேடம், திருடன் வந்தா?" என்று ஒருநாள் படியில் நின்று கேட்டார்.

"வரட்டும் சார். வெயில்ல வந்திருப்பான் பாவம். ரெண்டு நிமிஷம் காத்து வாங்கிகினு போவட்டும்."

அக்கா போனபின் பெருங்குடியிலிருந்து வந்த அவருடைய தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கத்திரி வெயில். என் கதவைத் திறந்து வைத்தும் பயனில்லை. எதிரில் பூட்டிய கதவு. மத்தியானத் தூக்கம் போய், இப்போது மூன்று வயதாகும் யாழினியின் முதுகெல்லாம் வேர்க்குரு.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தம்பி வந்திருந்தார். நான் அவரிடம் போக எழுந்ததைப் பார்த்து, "செத்த வீட்ல போய் இதையா கேப்ப?" என்று கணவர் கையைப் பிடித்தார். கேட்டேன்.

"அண்ணா, வீட்டுச் சாவி வேணும்."

"அக்கா சாமான் எதனா எடுக்கணுமாம்மா?"

"இல்லண்ணா. மத்தியானத்துல பால்கனிக் கதவைத் தொறக்கணும்."

சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இதுக்குத்தான் அதுவும் எல்லார்கிட்டயும் சண்டை போட்டுகினு இருந்துச்சு" என்றார். "புதுசா யாராவது குடி வர்ற வரைக்கும் வெச்சுக்கோ."

இன்று மதியம் இரண்டு வாசலையும் திறந்து வைத்தேன். செயலாளர் படியேறி வந்தார். "மெசேஜ் பாக்கலையாம்மா?"

"பாத்தேன் சார். மூட மாட்டேன்."

திருடன் பயம் இப்போதும் இருக்கிறது. கொசு பயமும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டுக்கு நாளை யார் குடிவந்தாலும் அவர்கள் கதவையும் தட்டுவேன். உங்களுக்காகச் சொல்லவில்லை, என் வீட்டுக்குக் காற்று வேண்டும் என்பேன்.

நிம்மதியாகப் போய் வாருங்கள் அக்கா. உங்கள் காற்றின் வழியை யாரும் அடைக்க நான் விடப்போவதில்லை.

செயலாளர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறைக் கதவு டமாரென்று அடித்தது. பாயில் படுத்திருந்த யாழினி தலையைத் தூக்கி, தெருவுக்கே கேட்கும்படி கூவினாள்:

"வந்துட்டான்!"