மேடாகத் தெரிந்த பள்ளம்

பாறசாலைக்கு அருகே எங்கள் ஊரில், என் வீட்டுத் தோட்டமான விளையின் மழைநீர் இடையிலுள்ள சந்து வழியாக ஓடித் தன் வீட்டுக்குள் புகுகிறது என்று அடுத்த விளைக்காரன் தங்கய்யன் புகார் கொடுத்தான். நான் சந்தில் நின்று பார்த்தேன். அவன் வீட்டுப் பக்கம்தான் மேடு.

விசாரிக்க வந்த கிராம அதிகாரியான பார்வத்தியக்காரர் முன்னால் தங்கய்யனிடம், "எலே, தண்ணி மேட்டில ஏறுமா? பொய்யாக்கும் சொல்லுதே," என்றேன்.

தங்கய்யன் ஒரு குடம் தண்ணீரை என் வாசலில் கவிழ்த்தான். அது நேரே அவன் வாசற்படிக்கு ஓடியது.

"தண்ணிக்குக் கண்ணு இல்ல. அதனால ஏமாறாது," என்றான்.

சந்தின் இருபக்க மண்சுவர்களின் மேல்விளிம்பும் அவன் வீட்டை நோக்கித் தரையைவிட அதிகமாகத் தாழ்ந்து சென்றது. சுவரை மட்டமென்று நம்பிய என் கண், தரையை மேடாக்கிவிட்டது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, வடிகால் வெட்டினேன். அவன் முகத்தில் இன்றும் விழிப்பதில்லை. ஆனால் யாரோடு சண்டைக்குப் போனாலும், வாயைத் திறக்குமுன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன்.