ஒன்று குறைந்த பெட்டி

சாதிக் பாய் போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி "தோட்டா மருந்து வெடிச்சுதா?" என்பதுதான். "இல்லீங்க, மார்க்கெட்ல கத்திரிக்கா பொறுக்கிட்டு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார் தம்பி. துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. "மருந்தால மட்டும் நான் சாகக் கூடாது லாட்ஜ்காரரே, கிளப்பையே மூடிடுவாங்க" என்று லாட்ஜ் நடத்தும் என்னிடம் அவர் அடிக்கடி சொல்வார். அந்த விஷயத்தில் கடைசி வரைக்கும் சொன்ன சொல் தவறவில்லை.

எங்கள் ரைபிள் கிளப் நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை தேரடிப் பக்கம் டிரங்குப் பெட்டி விற்ற குடும்பம். பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் போட்டியில் எனக்கும் அவருக்கும் ஒரே காலத்தில் பைத்தியம் பிடித்தது. சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளில் மறுபடியும் மருந்தும் ஈயக் குண்டும் நிரப்ப எங்களில் உரிமம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். பயிற்சிக்கும் சரி, போட்டிக்கும் சரி, அவர் நிரப்பியதைத்தான் சுட்டோம்.

அவர் தரும் பெட்டியில் எப்போதும் ஒரு குழி காலியாக இருக்கும். "இன்னா பாய், ஒண்ணு கம்மியா இருக்கே?" என்று ஆரம்பத்தில் கேட்டேன். "அது என் கமிஷன்" என்றார். உண்மை என்னவென்றால், ஒவ்வொரு பெட்டியிலும் முதல் தோட்டாவை அவரே தன் தோளில் வைத்துச் சுட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி எங்கள் கைக்கு வரும்.

எந்த மருந்து நல்லது என்பதில் கிளப்பில் ஓயாத சண்டை. புகையில்லா மருந்திலேயே பல வகை உண்டு. ஒன்று தோளை இடிக்காது, ஒன்று குழாயில் கரி விடாது. ஆளுக்கு ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவோம். பாய்க்கு மட்டும் பல வருடமாக ஒரே மருந்துதான். "உங்களுக்குப் பிடிச்ச மருந்து அதுதானா?" என்று சீண்டினால், "பிடிச்சதுன்னு ஒண்ணும் இல்ல. இது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், அவ்ளோதான்" என்பார். பிடிவாதக்காரர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். கடைசியில் எங்கள் நச்சரிப்புத் தாங்காமல் புது மருந்து ஒரு டப்பா வரவழைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கயலுக்கு மாநில அணித் தேர்வு வந்தது. ஜூனியர் பிரிவில் அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. தேதி குறித்த வெளியூர்க்காரர்கள் காலண்டரைப் பார்க்கவில்லை. அன்று சித்திரா பௌர்ணமி. முந்தின நாள் பாய் நிரப்பிக் கொடுத்த பெட்டியோடு நானும் கயலும் விடிவதற்கு முன்பே கிளம்பி, அடி அண்ணாமலை தாண்டி இருக்கும் மைதானத்துக்குப் போய்விட்டோம். விதிப்படி போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள்.

பாய் அன்று காலையில் தோட்டா நிரப்பும் மேஜையைத் துடைக்கும்போதுதான் கவனித்திருக்கிறார். பழைய டப்பாவும் புது டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் திறந்தபடி. இரண்டிலும் ஒரே மாதிரி சாம்பல் நிறத் துகள்கள். புதியது வேகமாக எரியக்கூடியது. பழைய மருந்தின் அளவுக்கு அதைப் போட்டால் துப்பாக்கிக் குழாய் தாங்காது, பிடித்திருக்கும் கையோடு போய்விடும்.

எனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு ஸ்கூட்டரை எடுத்திருக்கிறார். காஞ்சி ரோட்டில் போலீஸ் தடுப்பு. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தார். வெறுங்காலோடு 'அரோகரா' சொல்லி வருகிற ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குள் தொப்பி போட்ட ஒரு குண்டு மனிதர் "வழி விடுங்கம்மா, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும்? யாரும் ஏன் என்று கேட்கவில்லை, விலகினார்கள் என்று பிற்பாடு சொன்னார். ஒரு அம்மாள் ஓடிவந்து தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் திணித்தாராம். குடிக்க நிற்காமல் அதைப் பிடித்தபடியே ஓடியிருக்கிறார்.

மைதானத்தில் கயலின் முறை வந்துவிட்டது. தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மூடித் தோளில் ஏற்றிவிட்டாள். தட்டை விடச் சொல்லி அவள் குரல் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பின்னால் வேலியிலிருந்து அந்தக் கத்தல் கேட்டது.

"கயலு! சுடாதம்மா! தொறந்துடு!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பாக்கியை அப்படியே மடக்கித் திறந்தாள். தோட்டா மண்ணில் விழுந்தது.

பாய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "முதல் தோட்டாவைத்தான் நேத்தே சுட்டுப் பாத்தீங்களே!" என்றேன்.

"அது பழைய மருந்து. பாதிப் பெட்டியில மெஷின்ல இருக்கிற மருந்துக் குப்பி தீர்ந்துபோச்சு, மறுபடி ரொப்பினேன். எந்த டப்பாலேர்ந்து ரொப்பினேன்னு ஞாபகம் இல்ல."

"பழைய டப்பாவாத்தான் இருக்கும் பாய். பழக்கத்துல கை அதுக்குத்தானே போகும்?"

"இருக்கலாம்" என்றார். "ஆனா தெரியாதே."

எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "ரெண்டு டப்பாவையும் நான்தான் தொறந்து வெச்சேன். தப்பு என்னுது." வேறு ஊர்க்காரர்களிடம் கடன் வாங்கிய கடைத் தோட்டாக்களால் கயல் சுட்டாள். அவள் தோளுக்குப் பழகாத தோட்டா. ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் அணியில் இடம் போனது.

அவள் அன்றே "விடுங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. பாயோடு பேச்சை நிறுத்தினேன். அவரோ வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வழக்கம்போல லாட்ஜுக்கு வந்து ரிசப்ஷன் நாற்காலியில் உட்காருவார். "பேசாட்டி போங்க. டீ சொல்லுங்க" என்பார். மனுஷனிடம் எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டிருப்பது? ஒருநாள் நானும் ஒரு டீ சொல்லிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். சந்தேகத் தோட்டாக்களை முறைப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார், புது மருந்தையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு அவர் மேஜையில் இரண்டாவது டப்பாவை யாரும் பார்த்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், உரிமதாரர் இறந்துவிட்டதால் தோட்டா நிரப்பும் அறையில் இருப்பதை எடுத்துப்போக ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்தார். பாயின் மனைவி அறையைத் திறந்துவிட்டார். மேஜையில் ஒரே ஒரு டப்பா. பக்கத்தில் அவர் கடைசியாக நிரப்பிய தோட்டாப் பெட்டி. நாங்கள் கிளப்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். அனுமதி கேட்டு, ஆளுக்கு ஒன்றாக மைதானத்தில் சுட்டு அவருக்கு மரியாதை செய்யலாம் என்றார் ஒருவர். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. தலையாட்டினேன்.

இப்போது வேலூரில் இருக்கும் கயலும் துக்கத்துக்கு வந்திருந்தாள். அவள் பெட்டியின் மூடியைத் திறந்தாள். குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.

"பெட்டி ரொம்பி இருக்குப்பா" என்றாள். "ஒண்ணுகூட கொறயல. மாமா இன்னும் சுட்டுப் பாக்கல. இது யாருக்கும் இல்ல."

மூடியை மூடி எஸ்.ஐ. கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரு தட்டின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு, மறைக்க மாட்டேன். அன்று அவள் போட்டிருந்தது நல்ல தோட்டாவாகவே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அந்த மனிதர் ஓடி வந்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்த கயல், பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சாதிக் பாய் எனக்கென்று விட்டுப்போனது அதுதான்: என் மகளின் இரண்டு கைகள்.