ஜமுனாமரத்தூரில் கை நனைத்தோம்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணையும் கூட்டிப் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. எழுபதுகளில் பேச்சுக்குக்கூட கிடையாது. நான்தான் அடம் பிடித்தேன். மலையில் குடித்தனம் நடத்தப் போகிறவள் நான், பார்த்துவிட்டு வருகிறவர் மட்டும் நைனாவா என்று கேட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடையை எடுத்தார். அதற்குச் சரி என்று அர்த்தம்.

எனக்கு அந்த மலைப் பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. ஆலங்காயத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர், நீலக் கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இங்க் கறையோடு வந்து உட்கார்ந்தார். என்னைப் பாடச் சொல்லவில்லை. "மலை குளிருங்க, கம்பளி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நைனா அந்தக் கறையையே பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வர்றவனுக்கு வேற சட்டை இல்லியா இன்னா?" கரண்ட் இல்லை, டாக்டர் இல்லை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வேண்டாம் என்று சொல்ல நல்ல காரணமாக ஒன்றைத் தேடித்தான் அவர் மலை ஏறினார்.

"அங்க கை நனைக்கக் கூடாது. சாப்ட்டா சம்மதம்னு ஆயிடும்" என்று கட்டுச்சோறும் கூஜாவில் தண்ணீரும் எடுத்து வந்தார். ஜமுனாமரத்தூரில் நாங்கள் இறங்கினோம். கூஜாவும் கட்டுச்சோறும் இறங்கவில்லை. பஸ்ஸோடு போளூர் பக்கம் போய்விட்டன.

ஊரைச் சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கடைத்தெரு, புளி மூட்டைமேல் தூங்கும் நாய், டீக்கடை. டீக்கடையில் நைனா விசாரித்தார்.

"வாத்தியாரா? தங்கமான ஆளுங்க. பசங்களோட சேர்ந்து கிணத்துல குதிப்பாரு."

நைனா இதையும் குறைகளில் சேர்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் சாமைக்கொல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கிய பிறகுதான் நைனா குறை சொல்வதை நிறுத்தினார்.

"உனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கா?"

"ஊரும் புடிச்சிருக்கு நைனா."

அவர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் வீட்டில் ஒரு அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டோம். "வெறும் தண்ணி எதுக்குங்க? மொதல்ல சாப்புடுங்க" என்று உள்ளே பாய் போட்டார். சாமைச்சோறு, கோழிக் குழம்பு. நைனா என் காதில், "மாப்ள வூட்லதான் கூடாது. யார் வூட்லயோ சாப்ட்டா இன்னா?" என்று சொல்லிவிட்டு, கை கழுவ வாசலுக்குப் போனார்.

அவர் திரும்பி வந்து உட்காரும்போதுதான் கவனித்தேன். வாசல் கொடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. துவைத்தும் கறை போகவில்லை. எனக்குப் பசி போன இடம் தெரியவில்லை. நைனாவுக்கு எதிரே, கொடியை மறைக்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அப்போது நான் ரொம்ப ஒல்லி. என்னை வைத்து ஒரு துண்டைக்கூட மறைக்க முடியாது.

நைனா நிதானமாகச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார். ஏப்பம் விட்ட பிறகு, வாத்தியார் வீடு எது என்று கேட்டார்.

"இதாங்க. பின்னாடி ரூம்புல குடியிருக்காரு. கோழி அவரு வாங்கியாந்து குடுத்ததுதான். உங்கள இட்டுக்கினு வரத்தானே பஸ்ஸுக்குப் போனாரு, குறுக்கு வழியில. பாக்கலீங்களா?"

நைனா தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வரட்டும். பேசி முடிச்சிடலாம்" என்றார். வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பேசி முடித்தார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் நைனா குடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆலங்காயம் விளக்குகள் தெரிந்தபோது பேசினார்.

"வூட்ல கேட்டா, தெரியாம கை நனைச்சிட்டோம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிடு."

"சரி நைனா."

"நீ அவ்ளோ கஷ்டப்பட்டு நிமுந்து ஒக்காந்திருக்க வேணாம். நான் கை கழுவுனதே அந்தச் சட்டைக்குக் கீழதான்."