கார்கள் மேல் விழுந்த எச்சம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான், டிப்ளமோ மெக்கானிக்கல். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எது முதலில் அணையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, என் பக்கத்தில் நின்று பார்த்தவனே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

எங்கள் ஊர் ஓரகடத்துக்குப் பக்கத்தில். ஆறுவழிச் சாலை போட்ட புதிது அது. ஊர் ஏரிக்கரையை ஒட்டி ஒரு கம்பெனியின் யார்டு இருந்தது, புது கார்களை வரிசை வரிசையாக வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஏரிக்குள் கருவேல மரங்கள். ஐப்பசி மழை பிடித்து ஏரி நிரம்பினால் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் என்று எங்கெங்கிருந்தோ வந்து மரமே தெரியாதபடி உட்கார்ந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, மத்தாப்பு, சங்குச்சக்கரத்தோடு சரி. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான்.

கம்பெனிக்கு அந்தப் பறவைகள் பெரிய தலைவலி. விடியற்காலையில் மரத்தை விட்டுக் கிளம்புகிற கூட்டம் நேராக யார்டுக்கு மேலேதான் பறக்கும். எச்சம் காரில் விழுந்து வெயிலில் காய்ந்தால் பெயிண்ட் வெந்துபோகும், பாலிஷ் போட்டாலும் தழும்பு நிற்கும். நான் அப்போது அங்கே கான்ட்ராக்ட் ஆள். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், குன்றத்தூர்க்காரர்.

"நீ லோக்கல்தானே தம்பி? யார்டாண்ட நின்னு வெடி போட்டு வெரட்டு. ஊர்க்காரன் சண்டைக்கு வந்தா நீயே பேசிக்க. சீசன் முடியறதுக்குள்ள எச்சம் கம்ப்ளைன்ட் நின்னுச்சின்னா உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் மேல பேசறேன்."

பர்மனென்ட் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற எடை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கான்ட்ராக்டுக்கு நீலச் சட்டை, பர்மனென்டுக்குச் சாம்பல் சட்டை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே வேலையைத்தான் பார்ப்போம், ஆனால் சாம்பல் சட்டைக்காரன் பெண் கேட்டுப் போனால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். நான் சரி என்றேன்.

முதல் நாள் கரையில் வெடி போட்டதும், மாடு ஓட்டிக்கொண்டு வந்த மரியா அத்தை நின்றுவிட்டாள்.

"ஏன்டா ஸ்டீபா, தீபாளிக்கே வெடிக்காத ஊர்ல நீ இன்னாத்துக்குக் காலங்காத்தால வெடிச்சிக்கினு கீற?"

"வேல அத்த. பர்மனென்ட் ஆக்கறன்னு சொல்லிகீறாங்க."

"யார, உன்னையா? இம்மா வருசமா வந்துகினு கீற பறவையே பர்மனென்ட் இல்லியாம், இவன் ஆவப்போறானாம்" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை மொத்தக் கூட்டமும் எழும்பி ஏரியை ரொம்ப நேரம் சுற்றியது, சத்தமே இல்லை, பிறகு மணிமங்கலம் பக்கமாகப் போனது. சாயங்காலம் திரும்பவில்லை. ஏரி ததும்ப நிற்கிறது, மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. சூப்பர்வைசர் எனக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கார்களின் மேல் எச்சம் இருந்தது. பழசு இல்லை, ஈரமாக, சூட்டோடு.

"இன்னா தம்பி, காக்கா உனக்குத் தண்ணி காட்டுதா?" என்று சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். அடுத்த நாளும் இருந்தது, அவர் சிரிக்கவில்லை. "நீ எங்கியோ பூந்து தூங்கிக்கினு கீற" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கண் மூடவில்லை. காக்கை எச்சம் அந்த அளவில் இருக்காது என்று படிக்காதவனுக்கும் தெரியும். ஆனால் வானத்தில் ஒரு குருவிகூட இல்லை.

அதற்கடுத்த நாள் இருட்டு பிரியும்போதே கார்களுக்கு நடுவில் போய் நின்றேன். கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த இசக்கி, திருநெல்வேலிப் பையன், என் வயசுதான், நானும் வாரேன் என்று கூடவே வந்தான். காற்று இல்லை. எல்லாக் கார் மேலும் பனி படிந்து பால் வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் வந்தது, எதிரே இருப்பவன் முகம் நன்றாகத் தெரிகிற வெளிச்சம், அதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் கடைசி வரிசையில் ஒரு காரின் கூரை ஆன்டெனா ஆடியது. கம்பி மேல் ஏதோ உட்கார்ந்து எழுந்தால் ஆடுமே, அப்படி. அப்புறம் அடுத்த கார், அதற்கடுத்த கார் என்று வரிசையாக எங்களை நோக்கி ஆடிக்கொண்டே வந்தது. எனக்கு முன்னால் நின்ற காரின் பானெட்டைப் பார்த்தேன். பனியில் ஒரு தடம் விழுந்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அது நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடி வரை நடந்துபோய் நின்றது. நின்ற இடத்துக்குப் பின்னால் சளக்கென்று எச்சம் விழுந்தது.

பழக்கதோஷம், என் கை தானாக வெடியைப் பற்றவைத்து வீசிவிட்டது. வெடித்த மறுநொடி யார்டு முழுக்க இறக்கைச் சத்தம். முகத்தில் காற்று அறைந்தது, இசக்கியின் தொப்பி கழன்று விழுந்தது. மேலே பார்த்தால் சுத்தமான வானம்.

"இசக்கி, பாத்தியா?"

அவன் தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டான். "நான் ஒண்ணும் பாக்கல லே. யாரும் கேட்டா நான் கேட்லதான் நின்னேன். எனக்கு ஊருல ரெண்டு தங்கச்சி இருக்கு."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கேமரா அறைக்குக் கூட்டிப்போனார். திரையில் ஒரு நீலச் சட்டைக்காரன் வெறும் வானத்தைப் பார்த்து வெடி வீசிக்கொண்டிருந்தான். பனித்தடம் அந்தத் தூரத்தில் தெரியவில்லை, இசக்கி நின்ற இடம் கேமராவுக்குள் வரவே இல்லை. இசக்கியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அவன் சொன்னதையே சொன்னான். சூப்பர்வைசர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பறவ இல்லன்னா நீ எதுக்கு? இருக்குதுன்னா நீ இன்னாத்த வெரட்டன?" என்றார். எப்படித் திருப்பினாலும் நான்தான் வெளியே. அன்றைக்கே நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை, பறவையைத் துரத்தினவன் அல்லவா. இப்போது ஒரு லேத் பட்டறையில் இருக்கிறேன்.

அப்புறம் கம்பெனி அந்த யார்டு மொத்தத்துக்கும் தகரக் கூரை போட்டு, பக்கங்களையும் வலையால் அடைத்துவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கார்த்திகை பிறந்தால் கூரைக்குக் கீழேயும் விழுகிறது. ஏன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்க ஆள் போட்டுவிட்டார்கள். அந்த வேலைக்கு லோக்கல் ஆள் வேண்டுமென்று, பத்தாவதில் ஃபெயிலான என் தம்பி அருளை எடுத்துக்கொண்டார்கள். பர்மனென்ட். சாம்பல் சட்டையை அம்மா தினமும் இஸ்திரி போட்டு வைக்கிறாள்.

அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நானும் அவனைக் கேட்டதில்லை. போன வருஷம் மழை பொய்த்துவிட்டது, அதற்கு முந்தின வருஷமும்தான். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் அருள் ஷிப்ட் முடிந்து வந்து டிபன் டப்பாவைத் திறந்து அம்மாவிடம் நீட்டினான். உள்ளே ஒரு கெளுத்தி மீன். வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்கடா புட்ச்ச?" என்றாள் அம்மா.

"கார் மேல கெடந்துச்சி. பறவ வாயிலேர்ந்து நழுவிருக்கும்" என்றான், என்னைப் பார்க்காமல்.

அம்மா மீனை வாங்கிக்கொண்டாள். கழுவிக் குழம்பு வைத்தாள். நான் சாப்பிடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நம்ம ஏரி மீன் ருசிதான் என்று சொல்லி, அம்மா முள்ளைக்கூட விடாமல் சப்பிக்கொண்டிருந்தாள்.