கண்ணாடிக்கூட்டில் திருநீறு

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ரிமோட் இன்னும் பொலித்தீன் உறையோடுதான் இருக்கிறது. சோபாவுக்கு உறை, கார் சீற்றுக்கு உறை, விருந்தாளிகளுக்கான பீங்கான் கோப்பைகளுக்குப் பூட்டுப் போட்ட அலுமாரி. பொருள்களைப் பாதுகாப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன். மூக்கின் மேல் இருக்கிற கண்ணாடிக்கு மட்டும் என்னிடம் ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை. கழற்றினால் அது ஜக்கெற் பொக்கெற்றுக்குள், வீட்டைப் பூட்டும் திறப்போடு உரசிக்கொண்டு கிடக்கும். குளிருக்குள்ளிருந்து உள்ளே வந்ததும் ஆவி படியும்; சேட்டு நுனியால் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போட்டுக்கொள்வேன்.

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண் இந்தக் குளிர் நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. போன முறை புதுக் கண்ணாடியோடு கெட்டியான ஒரு கூடும் மெல்லிய துணியும் தந்தாள்.

"அங்கிள், கழட்டினா கேஸுக்குள்ளதான் வைக்கோணும். சும்மா ட்ரையா துடைக்காதேங்கோ. தண்ணியில கழுவிப்போட்டு இந்தத் துணியால துடையுங்கோ, ஓகே?"

நான் ஓம் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்து கூட்டைத் திறந்து பார்த்தபோது வேறொரு யோசனை வந்தது. மார்க்கம் நகரில் ஒரு பண்டகசாலையில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காலையில் காரை நிறுத்தி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் உள்ளே போவேன். கோயிலில் தரும் காகிதப் பொட்டலம் கிழிந்து காரெல்லாம் சாம்பலாகிக் கிடந்தது. இந்தக் கூடோ 'டக்' என்று மூடிக்கொண்டது. கொட்டாது, நசியாது, ஈரம் படாது. துணியை அடியில் விரித்து, அதன் மேல் திருநீற்றைக் கொட்டி, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் காருக்குள் ஏறிய மனைவி, சீற்றில் கிடந்த கண்ணாடியின் மேல் உட்காரப் பார்த்தாள்.

"கூடு தந்தவையெல்லோ? அதுக்குள்ள வைச்சா என்ன குறைஞ்சு போயிடுவியள்?"

நியாயமான கேள்விதான். அன்று முதல் கண்ணாடியையும் அதே கூட்டுக்குள் வைத்தேன். இரண்டும் முகத்துக்குப் போகிற சாமான்தானே. அதோடு நிற்காமல், அந்தப் பெண் தந்த துணியாலேயே துடைக்கவும் தொடங்கினேன். துணியை ஒருமுறை உதறிவிட்டுத்தான் துடைப்பேன், அவ்வளவு கவனம்.

சில மாதங்களில் உலகம் மங்கத் தொடங்கியது. எதிரே வரும் கார்களின் விளக்குகள் சிதறித் தெரிந்தன. பெட்டிகளில் ஒட்டியிருக்கும் இலக்கங்களை வாசிக்க ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்க வேண்டியிருந்தது. கண்ணாடியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்றே எனக்குத் தெரியாது. ஆகவே கண்புரை என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

உண்மையாகவே பயந்துபோனேன். கண் போனால் வேலை போகும். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிக்கரிங் நகரில் இருக்கும் மகளைப் பார்க்கக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும். மனைவிக்குச் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை, போனால் அது உண்மையாகிவிடும் என்று. கடவுளிடம் மட்டும் முறையிட்டேன். ஒரு விரலால் பூசிய திருநீற்றை மூன்று விரலால் பூசினேன். கூட்டை நிரப்பி வைத்தேன். கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தேன். மாலையில் மனைவி குசினி மேசையில் ஏதோ புத்தகத்தோடு இருப்பாள். சமையல் குறிப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு கடந்து போவேன்.

பிறகு ஒரு நாள் ஃபோர்க்லிஃப்டின் முன்கம்பி குறி தவறி ஓர் அட்டைப்பெட்டியைக் குத்தியது. உள்ளே இருந்தவை தலையணைகள். அங்கே ஒரு மனிதன் நின்றிருந்தால் என்று நினைத்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். அந்தச் சனிக்கிழமையே, கண்ணாடியின் கால் தளர்ந்துவிட்டது என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிக் கடைக்குக் கிளம்பினேன். மனைவியும் கூடவே வந்தாள்.

அந்தப் பெண் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மேசையில் மெதுவாகத் தட்டினாள். வெள்ளையாகக் கொஞ்சம் உதிர்ந்தது.

"இது என்ன பவுடர், அங்கிள்?"

நான் கூட்டைத் திறந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைக்குள்ளேயே இருக்கும் கண் டாக்டர் பரிசோதித்தார். வேறு வில்லைகளைப் போட்டுவிட்டு எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன், சத்தமாக. கண்ணில் ஒரு குறையும் இல்லை, வில்லை முழுக்கக் கீறல் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கைப்பையைத் திறந்து, மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கார் ஓட்டப் பழகுவதற்கான எழுத்துப் பரீட்சையில் அவள் சித்தியடைந்ததற்கான தாள்.

"போன கிழமை எழுதினன். தமிழிலதான். கண்ணும் பாத்தவை, எனக்கு நல்லாத் தெரியுதாம்."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கண் தெரியேல்லையெண்டு நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?"

குசினி மேசையில் அவள் படித்தது கார் ஓட்டும் கைநூல். அட்டையில் பெரிதாகக் காரின் படமே போட்டிருக்கிறது.